வீட்டுப் பெண் மாதிரி

'எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் வைத்திருக்கிறோம்' என்று சொல்லாத குடும்பத்தைச் சேலத்திலும் நான் பார்த்ததில்லை, நாமக்கல்லிலும் பார்த்ததில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட தாயாரைப் பார்த்துக் கொள்ள ஒருத்தியை அமர்த்தியதுமே இந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடுகிறது. சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. சங்கடமே அதுதான்.

நம் பக்கத்து நிலைமை ஊரறிந்த விஷயம். திருச்செங்கோட்டுப் பிள்ளைகள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு வடக்கே போய்விடுகிறார்கள். நாமக்கல் லாரி போகாத திக்கு இல்லை. படித்தவர்களைப் பெங்களூர் இழுத்துக் கொள்கிறது. மிஞ்சிய கிழவியைத் தூக்கி உட்கார வைக்கவும், மலம் அள்ளவும், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவும், நடு ராத்திரியில் 'அம்மிணி' என்று முனகினால் எழுந்து ஓடி வரவும் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒருத்தி வருகிறாள். அவளுடைய தாயாரை யார் பார்த்துக் கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் அப்படி ஒருத்தி மூன்று வருஷம் இருந்தாள். பாட்டியை 'அம்மாயி' என்றுதான் அழைப்பாள். ஒரு நாள், "வாரத்துக்கு ஒரு நாள் லீவு வேணுமுங்க" என்றாள். வீட்டுக்காரருக்கு மனம் புண்பட்டுவிட்டது.

"சொந்தப் பேத்தி லீவு கேட்பாளா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

"சொந்தப் பேத்திக்குச் சொத்தில் பங்கு உண்டே!" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சேலத்து ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்பவளுக்கு வார ஓய்வையும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலியையும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்துவிட்டது. முதலாளியை அவள் 'அப்பா' என்று அழைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டு வேலைக்கோ, தமிழ்நாட்டில் நல வாரியம் வந்ததே 2007-இல். குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது 2018-இல். 2011-இல் ஜினீவாவில் நிறைவேறிய 189-ஆம் உடன்படிக்கை, கூப்பிடுவார்களோ என்று காத்துக் கிடக்கும் நேரத்தையும் அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு வேலை நேரமாகவே எண்ணச் சொல்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனிச் சட்டத்தை ஆராயும்படி மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கிறது.

கூலி பேசினால் அன்பு போய்விடும் என்கிறார்களே, அது எனக்கு விளங்கவில்லை. சம்பளமும் ஷிப்டும் உள்ள ஆஸ்பத்திரி நர்ஸின் பரிவை யாரும் குறை சொல்வதில்லை. கணக்குத் தீர்ந்த பிறகு அவள் தருவதுதான் அன்பு. தீராதபோது அதுவும் நாம் வாங்கும் வேலையாகிவிடுகிறது.

ஆனால், இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத பென்ஷன்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை நான் தள்ளமாட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நோயாளியின் வீட்டு வாசலுக்கே ஆளை அனுப்பிக் காட்டியது. அந்த வழியிலேயே வாரம் ஒரு நாள் மாற்றாள் ஒருத்தியையும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பென்ஷன்காரரும் அந்தப் பெண்ணும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம்.