அக்னி மூலையும் குழாய் மூலையும்

அடுப்பையும் பாத்திரம் கழுவும் சிங்கையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வருகிறவர்களின் வரிசை நீளமானது. முதலில் வாஸ்து பார்ப்பவர். தென்கிழக்கு அக்னி மூலை, அடுப்பு அங்கேதான். சமைப்பவர் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும். தண்ணீர் வடகிழக்கான ஈசானியத்துக்கு உரியது. நெருப்பும் நீரும் ஒட்டி இருக்கக் கூடாது. அவர் போன பிறகு பிளம்பர். கழிவுநீர் ஓட வாட்டம் வேண்டும், ஆகவே சிங்க் வெளிச்சுவரை ஒட்டித்தான் வரும். ஈசானியம் எந்தப் பக்கம் என்று அவர் கேட்பதில்லை. அடுக்குமாடி என்றால் இருவருக்குமே அதிகம் வேலையில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய் இறங்குகிறது. முதல் மாடியில் சிங்க் எங்கேயோ, எட்டாம் மாடியிலும் அங்கேதான். வாஸ்துக்காரருக்குப் பரிகாரம் சொல்லும் வேலை மட்டும் மிஞ்சும்.

எல்லாம் முடிந்தபின் சமைக்கப் போகிறவரிடம் டைல்ஸ் என்ன நிறம் வேண்டும் என்று கேட்பார்கள்.

2019-இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது அது. ஆண்களிலும் அந்த வேலையைச் செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 97 நிமிடம். சமையலறை எப்படி அமைய வேண்டும் என்று யோசனை சொல்லும் நேரம் இதில் சேர்த்தியில்லை.

வாஸ்துவைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் நெருப்பையும் நீரையும் விலக்கி வைத்த வீடு ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. கிணறு கொல்லையில், பாத்திரம் துலக்குவதும் அங்கேதான், சாம்பலும் தேங்காய் நாருமாக. எச்சில் தட்டு அடுப்பங்கரைக்குள் வராது. அந்த ஒழுங்கில் சுத்தம் பாதி, தீட்டு பாதி. துலக்க வந்த பெண் கொல்லை வாசலோடு நிறுத்தப்பட்டதும் அதே ஒழுங்குதான். நகரத்து வீட்டில் கொல்லை போய், கிணற்றடி ஓர் எவர்சில்வர் தொட்டியாகச் சுருங்கி அடுப்பு மேடையில் வந்து உட்கார்ந்தது. அரிசி களைவதும் அதில், எச்சில் தட்டு விழுவதும் அதில். வசதியுள்ளவர்கள் சமையலறைக்குப் பின்னால் யுடிலிட்டி என்று ஓரிடம் ஒதுக்கி இரண்டாவது சிங்க் வைத்துக்கொள்கிறார்கள். கொல்லை திரும்பி வந்துவிட்டது, சதுர அடி விலையில்.

திசையைவிடத் தூரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கஞ்சி வடிக்கும் வீடுகளில் கொதிக்கும் பானையை அடுப்பிலிருந்து இறக்கிச் சிங்க் வரை கொண்டுபோக வேண்டும். இரண்டு கையிலும் துணி, முகத்தில் ஆவி, காலைச் சுற்றும் குழந்தை. அடுப்பு ஒரு மேடையிலும் சிங்க் எதிர் மேடையிலும் இருந்தால் பானையோடு திரும்பி, ஆள் நடக்கும் வழியைக் கடந்தாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் யாராவது தண்ணீர் குடிக்க உள்ளே வருவார்கள். ஒரே மேடையில் இடையே இரண்டு இரண்டரை அடி கல் விட்டிருந்தால் பானையை இறக்கி வைக்கலாம், மூச்சு வாங்கிக்கொள்ளலாம், பிறகு நகர்த்தலாம். ஒட்டி வைத்தாலும் ஆபத்து: குழாய்த் தண்ணீர் காயும் எண்ணெயில் தெறிக்கும். ஆக வாஸ்து சொல்லும் விலக்கில் நியாயம் இருக்கிறது. எத்தனை அடி விலக்கு என்பதுதான் கேள்வி. அதைக் கையில் பானை இருப்பவர்தான் சொல்ல முடியும். குக்கர் வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்பார்கள். ஆவி அடங்கக் காத்திருக்க நேரமில்லாமல் குக்கரைத் தூக்கிக் குழாயடியில் காட்டுகிறவர்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

ஜன்னல் இன்னொரு சிக்கல். கிழக்கு பார்த்துச் சமைக்கச் சொல்கிறார்கள். பல வீடுகளில் ஜன்னலும் அந்தச் சுவரில்தான். காற்றில் சுடர் அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

விஞ்ஞானத்தை நம்புகிறவர்களுக்கும் வேறு மூலைகள் உண்டு. பிராங்க்பர்ட்டின் புதுக் குடியிருப்புகளுக்காக 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியிலிருந்த சமையலறைதான் முன்மாதிரி. நடக்கும் அடிகளையும் வேலைக்கு ஆகும் நேரத்தையும் கணக்கிட்டு, சுமார் 10,000 வீடுகளில் அதை அமைத்தார்கள். பெண்களின் பாரத்தைக் குறைக்கும் எண்ணம் உண்மையானது; நடையும் குறைந்தது. ஆனால் அந்த அகலத்தில் இரண்டாவது ஆள் நின்று கை கொடுக்க முடியாது. அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1940-களில் முக்கோணம் சொன்னது: சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இடையிலுள்ள தூரங்களைக் கூட்டினால் 26 அடியைத் தாண்டக் கூடாது. நம் வீடுகளில் பலவற்றில் ஃபிரிட்ஜ் ஹாலில் நிற்கிறது; முக்கோணத்தின் ஒரு முனை டி.வி.க்குப் பக்கத்தில். மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் தண்ணீர் வேண்டும் என்பது எந்தக் கோணத்திலும் வரவில்லை.

முன்பு பிழையைத் திருத்த இடமிருந்தது. இரண்டு பர்னர் அடுப்பை ரப்பர் டியூப் எட்டும்வரை இழுத்து வைத்துக்கொள்ளலாம். இப்போது ஹாப் என்று கிரானைட்டை அறுத்துப் பதிக்கிறார்கள். அதற்கு நேர்மேலே சிம்னி, சிம்னிக்காகச் சுவரில் துளை. அறுத்த பின் ஓரங்குலம்கூட நகராது. ஆகவே அறுப்பதற்கு முன், கல்லில் மேஸ்திரி கோடு போட்டதும் சமைப்பவர் வர வேண்டும். பெரிய பானையில் தண்ணீர் நிரப்பி, அடுப்புக் கோட்டிலிருந்து சிங்க் கோட்டுக்கு நாலு தடவை கொண்டுபோய்ப் பார்த்தபின் கோட்டை அழிக்கச் சொல்லலாம், மறுபடி போடச் சொல்லலாம். மேஸ்திரி முணுமுணுப்பார், அரை நாள் கூலி கூடுதலாகக் கேட்பார். கொடுத்துவிடலாம்.