ஆய்வுக்கூடத்திற்கு அளிக்கும் சாஸ்திர தானம்



தசலட்சண நாள்களில் எட்டாம் நாளை உத்தம தியாகத்திற்கும், ஒன்பதாம் நாளை உத்தம ஆகிஞ்சன்யத்திற்கும் உரியனவாக ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். கொடுத்தல் முன்னது, எனது என்னும் பற்று நீங்குதல் பின்னது. கொடுக்கத் தக்கவை ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் என நான்கு என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். சாஸ்திர தானமென்றால் ஏடு எழுதுவித்தல், நூல் பதிப்பித்தல், பாடசாலை நடத்துதல் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குக் கொடுப்பதும் அதன்பாற்படுமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், புற்கல அணுக்கள் நெய்ப்பு, வறட்சி என்னும் குணங்களால் ஒன்றோடொன்று பிணைகின்றன என்றும், அக்குணம் மிகக் குறைந்த அளவில் உள்ளவை பிணைவதில்லை என்றும் கூறியுள்ளார். பொருள்கள் எவ்வாறு சேர்கின்றன, எவ்வாறு பிரிகின்றன என்னும் வினா நம் முன்னோர்க்கு அயலானதன்று. அவ்வினாவைக் குடுவையும் தராசும் கொண்டு தொடர்வதே வேதியியலாகும்.

ஆயினும் நம்மவர் மனத்தில் ஓர் ஐயம் உண்டு. அது நியாயமான ஐயமே. அக்கல்வி ஹிம்சைக்குத் துணைபோகாதா என்பர். பழவேற்காட்டையே பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கு ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர், வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்து வெடிமருந்து செய்து கப்பலேற்றினர். அதுவும் வேதியியலே. இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அதே பழவேற்காட்டில், மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியப்பணி ஆற்றிய காலத்தில் நாம் கண்டது வேறு. (வலை வீசுவோர் மக்களுக்குக் கற்பிப்பது சமணர்க்குத் தகுமோ என்று வினவிய உறவினரும் உண்டு. விலங்குகளுக்கும் இடமளித்த சமவசரணத்தை வணங்குவோர் இவ்வாறு கேட்கலாமா என்பதே நம் மறுமொழி.) அங்குள்ள மகளிர் நல்ல தண்ணீருக்காகக் குடம் சுமந்து நெடுந்தூரம் நடந்தனர். தெற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தது சென்ற நூற்றாண்டின் செய்தி. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததை நாடறியும். அக்கழிமுகமும் பழவேற்காட்டு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் தொடர்புடையன.

நாம் நீரைத் துணியில் வடிகட்டிப் பருகுகிறோம். நுண்ணுயிர்க்குத் தீங்கு நேராதிருக்க வகுத்த விரதம் அது. ஆனால், கரைந்த உப்பும் ஈயமும் துணியில் தங்குவதில்லை. அவற்றைக் காண வேதியியலார் வேண்டும். உவர்நீரில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளி இட்டால் தயிர்போல் வெண்மை திரளும். செலவான கரைசலை அளந்து உப்பின் அளவைக் கணக்கிடுவர். வெள்ளி கலந்ததாதலின் அம்மருந்து விலை மிக்கது. வெளிச்சம் பட்டால் கெடும் என்று பழுப்புநிறக் குப்பியிலிட்டு, பூட்டி வைத்துத் துளித்துளியாய்ச் செலவிடும் ஆய்வுக்கூடங்கள் பல. நீரிலுள்ள எண்ணற்ற உயிர்களுக்கும் அதனைப் பருகும் மாந்தர்க்கும் வரும் கேட்டை முன்னறிந்து கூறுவது அபய தானமன்றோ? அக்குப்பியை வாங்கிக் கொடுப்பவருக்கும் அதில் பங்குண்டு. கொடையாளர் பெயரைப் பொறிக்க அதில் இடமில்லை என்பது ஒன்றே குறை. அதனையும் நாம் குறையாகக் கருதவில்லை.

இவ்வகைக் கொடைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வங்காளத்தில் உண்டு. தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவர் 1912, 1913 ஆண்டுகளில் அளித்த பெருங்கொடையால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியற் கல்லூரி எழுந்தது. அங்கே பாலித் பெயரால் அமைந்த வேதியியல் பேராசிரியர் பதவியை ஏற்றவர் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். 1921இல் தமக்கு 60 வயது நிறைந்தபோது, அதன்பின் வரவேண்டிய சம்பளம் முழுவதையும் அவர் முன்னதாகவே பல்கலைக்கழகத்திற்கு எழுதிக்கொடுத்தார். வேதியியல் துறையின் வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி மாணவர் இருவரின் உதவித்தொகைக்கும் அது பயன்பட்டது. 1936இல் 75 வயதில் ஓய்வு பெறும்வரை 15 ஆண்டுகள் இவ்வாறு பணியாற்றினார். மணம் புரியாதவர், கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தவர்.

அவர் நம் சமயத்தார் அல்லர். எனினும், கைக்கு வந்த பொருளைக் கொடுத்தலினும், வருமுன்னரே அதன்மீதுள்ள பற்றை விடுத்தல் அரிது. எட்டாம் நாளின் அறமும் ஒன்பதாம் நாளின் அறமும் ஒரு கையெழுத்தில் கூடியதை அங்கே காண்கிறோம். ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் நம்போன்றோர்க்கு இது நன்கு விளங்கும்.

நம் தமிழகத்தில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 லட்சம் ரூபாய் ஈந்தார். பின்னர்க் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். அது 1953இல் திறக்கப்பட்டது. அத்துணைப் பொருள் நம்மில் எவரிடமும் இல்லை. வேண்டுவதுமில்லை.

தியாக நாளன்று ஆலயத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்தார் சிலர் கூடித் திரட்டலாம். அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவரை நேரிற் கண்டு, எது குறைவாயுள்ளது என்று கேட்டபின் கொடுக்க வேண்டும். கேளாமல் வாங்கிய கருவி உறையோடு கிடக்கும். கரையோரச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் ஆய்வுக் கட்டணத்தை ஏற்பதும் நன்று. தன் ஊர் ஏரியின் நீரையே அவள் குப்பியில் கொண்டுவந்து சோதிப்பாளாயின் இன்னும் நன்று.