அடைக்கல மாதாவின் குலத்தார்



சென்ற ஞாயிறு மாலை நம் வாலிபர் பாஸ்கு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சேசுநாதரை அடிக்கும் கட்டத்தில் ஒருவன் ஏட்டில் இல்லாத ஒரு வசனத்தைச் சேர்த்துக் கூவினான்: "யூதப் பயல்களை இட்லர் கொன்றது சரிதான்!" எல்லாரும் சிரித்தார்கள். மாதா வேஷம் போட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, அப்படியானால் முதலில் என்னையல்லவா கொல்ல வேண்டும்? மாதாவும் யூத குலந்தானே?" என்றாள். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

உள்ளபடி சொல்கிறேன், அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவள் முந்திக்கொண்டாள்.

ஏலாக்குறிச்சிக்கு நடந்து போய் அடைக்கல மாதாவின் பாதத்தில் அழுகிறோமே, அந்தத் தாய் யூதப் பெண். சூசையப்பர் யூதர், இராயப்பரும் சின்னப்பரும் யூதர். இட்லரின் ஆட்கள் ஐரோப்பாவில் கொன்ற ஏறக்குறைய 60 லட்சம் பேரும் அந்தக் குலத்தாரே. அதில் பால்குடி மறவாத பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளா நம் ஆண்டவரை அடித்தார்கள்?

1959-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர், பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் யூதரைப் பற்றியிருந்த கடுஞ்சொல்லை எடுத்துவிட்டார். 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பாடுகளின் பழியை அக்காலத்து யூதர் எல்லார்மேலும் சுமத்தலாகாது, இக்காலத்தவர்மேல் சுமத்தவே ஆகாது என்று போதித்தது.

நம் தேசத்தில் யூதருக்குத் தீங்கே நடந்ததில்லை என்று பெருமை பேசுகிறோம். கொச்சி ராஜா தம் அரண்மனை அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தது உண்மை. 1568-ல் எழும்பிய ஜெபக்கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் கோவாவிலோ? இந்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி 1563-ல் நூல் வெளியிட்ட வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, யூத குலத்தில் பிறந்தவர். அவர் இறந்து 12 வருஷம் கழித்து, 1580-ல், வேத விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சுட்டெரித்தது. செய்தவர்கள் நம்மவர்கள், கத்தோலிக்கர். இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தைரியத்தைப் போதிக்க என் வாய் வராது.

2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் யூத குரு கவ்ரியேலையும் அவர் மனைவி ரிவ்காவையும் பயங்கரவாதிகள் கொன்றார்கள். சாந்திரா சாமுவேல் என்ற தாதி கீழே ஓர் அறையில் ஒளிந்திருந்தார். குழந்தையின் அழுகை கேட்டது. மேலே ஏறிப் போய், இரண்டு வயது நிறையாத மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

நம் பிள்ளைகளிடம் அவ்வளவு கேட்கவில்லை. கைப்பேசியில் கேலிப்படம் வரும்போது, "இதில் எனக்குச் சம்மதமில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்கே நெஞ்சுரம் வேண்டும். சிநேகிதர் நடுவில் தனித்து நிற்பது லேசா? பெற்றோரே, அப்படி நின்றுவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை "உனக்கேன் ஊர் வம்பு?" என்று அதட்டாதீர்கள். இஸ்ரேல் அரசின் செயலைப் பற்றி அவர்கள் நியாயம் பேசட்டும். காசாவில் மாண்ட குழந்தைகளுக்காக அழட்டும். அது வேறு, ஒரு குலத்தையே சபிப்பது வேறு.

வரும் புதன்கிழமை செபமாலைக்குப் பின் நாடக ஏட்டை எல்லாருமாக உட்கார்ந்து வாசித்துத் திருத்துவோம். வசனம் சேர்த்த தம்பியும் வருகிறான். தானாகவே வந்து கேட்டான். அவனை யாரும் கேலி செய்யவேண்டாம்.

உங்கள் பங்குக் குரு