கடைசி வரிசைக்கு எது தெரிகிறது?

குன்றத்தூர் முருகன் கோயிலில் முகூர்த்த நாளென்றால் மலையடிவாரத்துச் சாலையில் வண்டி நகராது. சுற்றியுள்ள மண்டபங்களில் மணமேடையின் இரு பக்கமும் எல்இடி திரை நிற்கும். தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர்களின் முதுகு மேடையை மறைத்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா திரையைப் பார்த்துத்தான் அட்சதை போடுவார். மறைப்பவர்களே காட்டவும் செய்கிறார்கள், அதற்குத் தனி வாடகை.

பெரிய இசைக் கச்சேரியில் திரையில் காட்டும் இந்த வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாக் கேமராவுக்கும் ஒரே வெளிச்சத்தில் ஒரே வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்வார்கள். இல்லாவிட்டால் பாடகரின் வேட்டி ஒரு கேமராவில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் வரும். ஷட்டர் வேகத்தைத் திருத்தாவிட்டால், பின்னணியில் இருக்கும் எல்இடி திரை கேமராவில் கருப்புக் கோடுகளாக ஓடும். எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்சரின் பட்டன்களுக்கு மேலே டேப் ஒட்டி 'பாடகர்', 'வயலின்', 'டிரம்ஸ்', 'வைடு' என்று பேனாவால் எழுதியிருக்கும். மேடை முழுவதையும் காட்டும் அந்த வைடு கேமராவை யாரும் தொடுவதில்லை. கேபிள் பிடுங்கிக்கொண்டாலோ, பாடகர் திடீரென்று கூட்டத்துக்குள் இறங்கினாலோ, ஓடி ஒளிய அது ஒன்றுதான் இடம்.

இத்தனை செய்தும் ஒன்று மட்டும், படமும் ஒலியும் பொருந்துவது, எல்லோருக்கும் சரியாக வருவதே இல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையில் தட்டிய கையின் ஓசை, 100 மீட்டர் தள்ளியிருப்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி கழித்துத்தான் கேட்கும். படமும் தாமதிக்கிறது. கேமரா, ஸ்விட்ச்சர், திரையின் பிராசஸர் என்று ஒவ்வொன்றும் ஒரு பிரேமோ இரண்டோ பிடித்து வைத்துக்கொள்ளும். விநாடிக்கு 25 பிரேம் என்றால், நான்கு பிரேமுக்கு 0.16 விநாடி. அதற்குள் ஒலி 50 மீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆக, மேடை ஸ்பீக்கரை மட்டும் நம்பினால், 50 மீட்டரை ஒட்டி இருப்பவர்களுக்கே உதடும் பாட்டும் பொருந்தும். முன்வரிசையில் படம் பிந்தும், பின்வரிசையில் பாட்டு பிந்தும்.

அப்படியானால் யாருக்காகச் சரிசெய்வது? முன்வரிசைக்காரருக்குத் திரையே வேண்டாம், பாடகரின் நெற்றி வியர்வையே தெரிகிறது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டோடு வரும் பையனுக்குத்தான் அந்தத் திரை. ஆனால் ஒத்திகை பார்க்கும் பெரியவர்கள் முதல் வரிசை சோபாவில் அமர்ந்துதான் "பிரமாதம்" என்கிறார்கள். வேலையிலும் வீட்டிலும்கூட நம்முடைய பெரும்பாலான ஏற்பாடுகள் இந்த சோபாவில் இருந்து பார்த்துச் செய்தவைதான்.

பின்னால் இருப்பவர்களை மறந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறோம். 2023 ஆகஸ்ட் 12 அன்று மழையால் தள்ளிப்போன ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்தது. உள்ளே பாட்டு ஒலிக்க, டிக்கெட் வாங்கிய பலர் நெரிசலில் வாசலைத் தாண்ட முடியாமலே திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே சமூக ஊடகத்தில் அவர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரியின்போது கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. நிகழ்ச்சியைச் சற்று நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டத்தைத் திட்டுவது எளிது. பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அவர் முன்னால் வரத்தான் பார்ப்பார். நல்ல இடத்தில் நிறுத்திய ஒரு திரை, போலீஸ் தடுப்பைவிட அதிகமாகக் கூட்டத்தைக் கட்டிப்போடும்.

கச்சேரி நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். மலிவான டிக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கிங்கில் இருந்து நடந்து, வாசலில் வரிசையில் நின்று, கடைசி நாற்காலி வரை ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். மைக் டெஸ்டிங்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.