கரையேறியவர் கையில் உழவாரம்

கடலூர், வண்டிப்பாளையம்

கரையேறவிட்டகுப்பம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாக வந்து ஒதுங்கிய இடம் என்கிறது மரபு. 7ஆம் நூற்றாண்டுக் கதை. இன்று இங்கே நின்றால் கடல் தெரிவதில்லை. வீடுகள், தெரு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்.

நம் வீடுகளில் கரையேறுவது என்ற சொல் தினமும் புழங்குகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தால் கரையேறியாயிற்று. பையனுக்கு வேலை கிடைத்தால், கடன் அடைந்தால், அதுவும் கரையேறியதுதான். "நீ எப்பதாம்ப்பா கரையேறுவ?" என்று அம்மா கேட்டபோது எனக்கு 38 வயது. பார்த்த வேலையை விட்டிருந்தேன். அடுத்து என்ன என்று தெரியவில்லை. அம்மாவின் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அதனாலேயே அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது.

அப்பர் என்கிற திருநாவுக்கரசர் இந்த ஊருக்குப் புதியவர் இல்லை. முன்பு தருமசேனர் என்ற பெயரில் இங்கே திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் தலைமை ஏற்றிருந்தவர். சூலை நோய் தாளாமல், திருவதிகையிலிருந்த தமக்கை திலகவதியாரைத் தேடிப் போனவர். விட்டுப்போன அதே ஊரிலேயே அலை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. கல்லில் கட்டுண்டவருக்குத் துடுப்பு ஏது, திசை ஏது? நாவில் ஐந்தெழுத்து இருந்தது. அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பேருந்தில்

சிதம்பரம் போகும் வண்டியில், முன்பு படித்த ஜென் நினைவுக்கு வந்தது. தியானம் என்ற சொல்தான் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. தென்னாட்டிலிருந்து போன போதிதர்மர் அங்கே அதை விதைத்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென் ஆசான் டோகன், ஏதோ ஒன்றை அடைவதற்காக உட்காராதே, உட்கார்ந்திருப்பதே நீ தேடும் விழிப்பின் செயல் என்று கற்பித்தார். வழி தெரியாமல் தவித்த நாட்களில் இதைப் படித்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது ஒன்று புரிந்தது. சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவன் சிதம்பரத்தில் இறங்கத்தான் வேண்டும். அதற்காக வழியில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா? ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் பு.முட்லூரும் கடந்த நேரமும் என் ஆயுள்தான்.

சிதம்பரம்

சிற்சபையில் திரை விலகியது. தீப ஒளியில் தொங்கும் பொன் வில்வ மாலைகள். அவற்றுக்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை. ஆகாயத் தலத்தின் ரகசியம் அவ்வளவே. சைவத்தின் ஆகாயமும் ஜென்னின் சூனியமும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். இரண்டின் வழிகளும் வேறு. ஆனால் எத்தனையோ தலைமுறையாக ஜனங்கள் வெகுதூரம் நடந்து வந்து, வெட்டவெளியைக் கும்பிட்டு, நிறைந்த மனதோடு திரும்பியிருக்கிறார்கள். எதிரே ஒன்றும் தெரியாத நிலையைக் கண்டு நான்தான் அஞ்சியிருக்கிறேன்.

வெளியே வரும் வழியில் சைவ நால்வரை வணங்கினேன். அப்பர் தோளில் புல் செதுக்கும் உழவாரம். கரையேறியபின் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார்.

சீனத்தில் 8ஆம் நூற்றாண்டு ஜென் ஆசான் பாய்ஜாங்கும் இப்படித்தான். முதுமையிலும் சீடர்களோடு தோட்ட வேலை செய்வார். மனம் பொறுக்காத சீடர்கள் அவர் கருவிகளை ஒளித்துவைத்தார்கள். அன்று அவர் சாப்பிட மறுத்துவிட்டார். கருவி திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் சோற்றில் கை வைத்தாராம்.

ஞாயிறு

ஒரு சிறிய சிவன் கோயில். உழவாரப் பணிக்கு வந்தவர்களோடு நானும் குந்தினேன். கோரையைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வருகிறது. மண்ணுக்குள் கறுத்த சிறு கிழங்கு, அதிலிருந்து நூல்போல ஒரு வேர், வேரின் முனையில் இன்னொரு கிழங்கு. உழவாரத்தைச் சாய்த்துப் போட்டு அடியோடு நெம்பினால்தான் ஒன்றாவது முழுதாக வருகிறது. மண் ஈரமாக மணத்தது. ஒரு முழ அகலம் சுத்தம் செய்வதற்குள் முதுகு வலித்தது.

பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டேன். "இது மறுபடி முளைக்குமே ஐயா?"

"முளைக்கும் தம்பி. நாமளும் மறுபடி வருவோம்."

கைபேசி அடித்தது. அம்மா.

"எங்கப்பா இருக்க?"

"கோயில்ல புல்லு செதுக்கிட்டு இருக்கேம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கரையைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி, முடிச்சிட்டு வந்து சாப்பிடு."