மலை யாருக்குக் காவல்?

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் பாறையைத்தான் பார்ப்பேன். சார்னோக்கைட்; சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. "சாமி நமக்குக் காவலா வச்ச மலைடா" என்பாள் அப்பத்தா. தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தோடு மறித்துக்கொள்வதும் இதே மலைதானே அப்பத்தா!

1895-இல் அதைக் குடைந்து பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பிறகுதான் எங்கள் வயலில் இருபோகம் நிலைத்தது. அந்த வேலையை நடத்திய எஞ்சினியர் பென்னிகுயிக்குக்கு ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறோம். ஆடி அமாவாசைக்கு இதே மலையிலிருந்து விழும் சுருளி அருவியில் முழுகுகிறோம். அருள் என்று ஒன்று இருந்தால், அது மலையை வைத்ததிலா, குடைந்ததிலா? அப்பத்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கோ, அந்த வேலையில் காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் இடிக்கிறது.