ஒன்பது இருக்கைகள்

பாய் விரித்திருக்கிறது. அதன் மேல் ஒரு சீட்டுக்கட்டு.

செஞ்சியின் ராஜகிரி மலைப் பக்கமிருந்து காற்று வருகிறது. பகலெல்லாம் பாறை வாங்கிய வெயில் அதில் இன்னும் இருக்கிறது.

ஒன்பது கை போடுகிறேன். கைக்கு இரண்டு சீட்டு. பதினெட்டும் வட்டமாகக் கவிழ்ந்து கிடக்கின்றன.

எட்டு இடங்களில் ஆள் இல்லை.

பணமும் இல்லை.

*

என் இரண்டு சீட்டைத் திருப்புகிறேன். கிளாவர் ஒன்பது. ஆட்டின் நான்கு.

விடுகிறேன்.

கலைக்கிறேன். மறுபடி போடுகிறேன். டைமண்ட் ராணி. கிளாவர் ஆறு.

ராணியின் முகம் அழகாக இருக்கிறது. கை ஒரு கணம் நிற்கிறது.

விடுகிறேன்.

*

பழைய நோட்டு பக்கத்தில் கிடக்கிறது. எண்பது பக்கம். முதல் பக்கத்தில் ஒரே வரி.

நூறு கையில் எண்பத்தைந்தை விடு.

சின்னப் பணத்தில் ஒன்பது பேர் ஆடும் போக்கர் மேசைக்கு நான் கற்றது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் இந்த வரி நினைவில் நிற்பதற்காக எழுதியவை.

கைப்பேசித் திரையில் சீட்டை விடும் பொத்தானுக்கு ஃபோல்ட் என்று பெயர். மடக்குவது. மனசுக்குள் நான் அப்படிச் சொன்னதில்லை. விடு என்றே சொல்லி வந்தேன்.

விடு. அதிலிருந்துதான் வீடு. வீடுபேறு என்கிற வீடு.

அந்தச் சொல்லை இங்கே கொண்டுவரலாமா என்று ஒரு தயக்கம். தயக்கம் அப்படியே இருக்கட்டும்.

*

2025 ஜூலை 11. செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிறது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகள் ஒரே பட்டியலில். பதினொன்று மகாராஷ்டிரத்தில். ஒன்று இங்கே.

2025 ஆகஸ்ட் 22. இணைய விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தருகிறார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம், திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், நாடு முழுக்கத் தடை.

கைப்பேசியில் பச்சை மேசை வருவது நிற்கிறது.

ஆறு வாரம் இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

*

இடம்.

முதலில் பேச வேண்டியவருக்குப் பின்னால் எட்டுப் பேர். எட்டுப் பேர் கையிலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த இடத்தில் பெரிய ஜோடி, ஏஸும் ராஜாவும். மற்றதெல்லாம் போகட்டும்.

கடைசி இடத்துக்குப் பட்டன் என்று பெயர். நடுவில் சீட்டு விரிந்த பிறகு அங்கே இருப்பவர்தான் எப்போதும் கடைசியாகப் பேசுகிறார். மற்றவர்களின் தயக்கம், அவசரம் எல்லாம் காதில் விழுந்த பிறகு. அங்கே சின்ன ஜோடிகளுக்கும் இடம் உண்டு. ஒரே சின்னத்தில் வரும் எட்டு, ஒன்பதுக்கும் உண்டு.

அதே இரண்டு சீட்டுதான். உட்கார்ந்திருக்கும் இடம் மாறுகிறது.

மூன்றாம் இருக்கைக்குப் பாயில் நகர்ந்து உட்கார்கிறேன். இங்கிருந்து ஜன்னல் தெரியவில்லை.

*

நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திண்டிவனம் பக்கம் போகிறது. தரை அதிர்கிறது. சீட்டுகள் அசையவில்லை.

*

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசை. இருநூறு ரூபாயோடு உட்கார முடிந்தது.

ஒன்பது கைக்கு ஒருமுறை ஒன்றும் இரண்டுமாக மூன்று ரூபாயைச் சீட்டைப் பார்க்காமலே வைக்க வேண்டியிருந்தது. மணிக்கு எழுபது கை. கணக்கு இருபத்துமூன்று ரூபாய் சொச்சம்.

சும்மா இருப்பதற்கும் வாடகை.

கைக்கு முப்பத்துமூன்று காசு. இந்தக் காசு கரைவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் ராணியையும் ஆறையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறோம். முப்பத்துமூன்று காசு தாங்காத மனசு இருநூறைக் கொண்டுபோய் வைக்கிறது.

இதை எழுதும்போதும் விரல் நுனியில் ஒரு பரபரப்பு. பார்க்கிறேன். மெல்ல அடங்குகிறது. முழுதாக அடங்கவில்லை.

*

ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கை 1,326. அதில் இரண்டு ஏஸ் சேருவது ஆறு விதம்.

221 கைக்கு ஒருமுறை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. சராசரிதான். மேகத்திடம் போய் மழை நாள் கேட்பது மாதிரி.

வந்தால்?

எதிரில் ஒருவர் மட்டும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றால், நூறில் எண்பத்தைந்து முறை ஏஸ் ஜெயிக்கிறது. எட்டுப் பேரும் நின்றால் முப்பத்தைந்துக்கு இறங்கிவிடுகிறது.

அதனால் பந்தயத்தை ஏற்ற வேண்டும். மூன்று மடங்கு, நான்கு மடங்கு. கூட்டம் கலையட்டும்.

சின்னப் பணத்தில் கூட்டம் கலையாது. எட்டு ரூபாய்தானே என்று நாலு பேர் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மனிதனுக்கு விளையாட வேண்டும் போல இருக்கிறது. விடுவதற்காக அவன் வந்து உட்காரவில்லை.

*

அப்படிப்பட்டவனிடம் பொய் சொல்ல வேண்டாம்.

கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கிற மாதிரி காட்டுவது பெரிய மேசைகளுக்கு. இங்கே எதிரில் இருப்பவன் பார்க்கத்தான் வந்திருக்கிறான். பார்த்துவிடுவான்.

நல்ல சீட்டு இருந்தால் இருக்கிறது என்று பணம் வைப்பது. இல்லையென்றால் விடுவது. தந்திரம் குறையக் குறைய ஆட்டம் சரியாகிறது.

இதை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆனது.

*

ஜோடி. ஐந்தும் ஐந்தும்.

நடுவில் விரியும் முதல் மூன்று சீட்டில் இன்னொரு ஐந்து வருவது எட்டரை முறைக்கு ஒருமுறை. வராத ஏழரை முறையும் விட வேண்டும். வந்தால் எதிரில் இருப்பவரிடம் எடுக்கப் போதுமான பணம் இருக்க வேண்டும்.

பாயில் விரிக்கிறேன். ராஜா, ஏழு, இரண்டு.

விடுகிறேன்.

*

கையில் இரண்டு ஆட்டின். நடுவில் விரிந்த நாலில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு சீட்டு பாக்கி.

பார்க்காதவை நாற்பத்தாறு. அவற்றில் ஆட்டின் ஒன்பது. ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு.

நடுவில் அறுபது ரூபாய். எதிராளி முப்பது வைக்கிறார். நான் முப்பது போட்டால் மொத்தம் நூற்றிருபது. என் பங்கு நாலில் ஒன்று.

நாலில் ஒன்று கேட்கிறார்கள். என்னிடம் ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

எண் அமைதியாக இருக்கிறது. சிவப்பாகத் தெரிகிற நாலு சீட்டுதான் அமைதியாக இல்லை.

*

நடுவில் விழும் ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர். ஆறு.

எங்கள் ஊர்ச் சங்கராபரணியில் இப்போது மணல்தான்.

*

ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்திருக்கிறது. ஆழமான பிளவு. குறுக்கே சிறிய பாலம். முன்பு அதை எடுத்துவிட முடியும். எடுத்துவிட்டால் எந்தப் படையும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்றிருக்கிறேன். கீழிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது.

வேறொன்றும் நடக்கவில்லை.

*

1690-இல் முகலாயப் படை செஞ்சியைச் சூழ்கிறது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே ஜுல்பிகர் கான். 1698-இல்தான் கோட்டை விழுகிறது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார்.

எட்டு வருடம் ஒரு மலையைப் பார்த்துக்கொண்டு கூடாரத்தில். ஜுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தான் என்று சொல்வோரும் உண்டு.

1714. தேசிங்கு ராஜன். சின்ன வயது. சின்னப் படை. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரிய படை. கோட்டைக்குள் இருக்காமல் குதிரையில் வெளியே வருகிறான்.

முழுவதையும் வைக்கிறான்.

முந்நூறு வருடமாகப் பாட்டு அவனுக்குத்தான். எட்டு வருடம் காத்தவர்களுக்கு இந்த ஊரில் பாட்டு இல்லை.

கோட்டையைச் சீட்டோடு ஒப்பிடுவது சுலபமாக வருகிறது. சுலபமாக வருவதால் நிறுத்துகிறேன். அங்கே செத்தவர்கள் சீட்டு இல்லை.

*

திருநாதர்குன்று. கோட்டைக்கு வடக்கே ஒரு பாறை. இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக, ஒரே மாதிரி அமர்ந்திருக்கிறார்கள்.

அங்கே பழைய வட்டெழுத்து. சந்திரநந்தி என்கிற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உடலை விட்டதைச் சொல்கிறது.

ஐம்பத்தேழு.

முதல் நாளின் பசி தெரியும். இரண்டாம் நாளின் பசி கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. முப்பதாம் நாளில் அங்கே என்ன இருந்திருக்கும்?

பாறையில் எறும்பு ஊர்கிறது. எழுத்தின் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகிறது.

*

ஒரு ராத்திரி.

இரண்டு ஏஸ். எதிரில் ஏழும் நான்கும். நடுவில் ஏற்கெனவே ஒரு ஏழு. கடைசிச் சீட்டும் ஏழு. அவனுக்கு மூன்று ஏழு. இருநூறு போகிறது.

காது சூடாகிறது. கண் திரையை விட்டு நகரவில்லை. அடுத்த கை என்னவென்று பார்ப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. அடுத்த இருநூறு. அடுத்த இருநூறு.

சீட்டு தப்பாக விழவில்லை. நூறில் பதினைந்து முறை தோற்கும் என்று கணக்கு சொன்ன இடத்தில் ஒரு முறை தோற்றது.

விரலை விட முடியவில்லை. அது மட்டும்தான் நடந்தது.

மறுநாள் நோட்டில் எழுதுகிறேன். முப்பது உட்காரலுக்கான பணம் தனியாக இல்லாமல் மேசைக்குப் போகக் கூடாது. இருநூறு ரூபாய் மேசைக்கு ஆறாயிரம். வீட்டுச் செலவு அதில் கலக்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு உட்காரல் போனால் எழுந்துவிட வேண்டும்.

எழுந்துவிட வேண்டும் என்பதன் கீழே இரண்டு கோடு.

*

கூட்டு ரோட்டு டீக்கடையில் ஒரு பையன் ரம்மி ஆடுவான். வண்டியை விற்கிறான். பிறகு கடைக்கு வருவதில்லை.

எங்கே இருக்கிறான் என்று விசாரிக்காமல் இருந்துவிட்டேன். அது இப்போது நெஞ்சில் ஒரு கல் மாதிரி. கல்லைப் பார்க்கிறேன். அது நகரவில்லை.

*

தேதிகள் நோட்டின் ஓரத்தில்.

2021 ஆகஸ்ட். தமிழ்நாட்டின் இணைய ஆட்டத் தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது.

2022 ஜூன். தற்கொலைகள் தொடர்ந்த நிலையில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு.

2023 ஏப்ரல். புதிய சட்டம்.

2023 நவம்பர். சட்டம் நிற்கிறது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தடைப் பட்டியலிலிருந்து விலகுகின்றன.

2025 பிப்ரவரி. நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை ஐந்து வரை மேசை மூடல்.

இந்தக் கடைசி விதி வந்த முதல் ராத்திரி நினைவிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் திரை அணைகிறது. வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று அப்போது கேட்கிறது. பல்லி. குடத்தில் ஒரு சொட்டு. அம்மாவின் மூச்சு.

அந்த ஐந்து மணி நேரத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

*

திறமை உண்டா?

உண்டு. பத்தாயிரம், இருபதாயிரம் கைகள் ஓடினால் மெல்லிய கோடு மாதிரி தெரியும்.

ஆனால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் மேசை நடத்துபவர் ஒரு பங்கு எடுத்தார். 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. நிகர லாபத்தில் 30 சதவீதம் பிடித்தம் போனது.

அந்த மெல்லிய கோடு எங்கே இருந்திருக்கும் என்று தேடுகிறேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசையில் நன்றாக ஆடியவருக்கும் அது மிஞ்சியிருக்க வழியில்லை. இதை உறுதியாகவே எழுதுகிறேன்.

நோட்டின் கடைசிக் கூட்டல் ஒரு கழித்தல்.

*

காற்று நின்றுவிட்டது.

ஒன்பது கை. என் சீட்டு, இஸ்பேடு ஏஸ்.

இரண்டாவதைத் திருப்பவில்லை. கட்டைவிரல் அதன் மூலையில் இருக்கிறது. சீட்டின் வழவழப்பு. விரலின் ஈரம்.

திருப்பினால் ஒரு கதை. திருப்பாமல் இருந்தால் இந்த வழவழப்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

*

மலை இருக்கிற பக்கம் இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. அதை வைத்துத்தான் மலை என்று தெரிகிறது.

*

சீட்டுகளைச் சேர்க்கிறேன். திருப்பாததும் அதில் போகிறது.

எண்ணுகிறேன். ஐம்பத்திரண்டு.